பெட்டியில் பிழை தேடிய நாள்கள்

“அண்ணை, குறை நினையாதேங்கோ. நீங்கள் கொஞ்சம் பிந்துறியள்.”

பயிற்சி முடிந்து நான் கிற்றாரை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது மின்தாளப் பாட் அடிக்கிற தம்பி இதைச் சொன்னான். எங்கள் மாதா கோயிற் பாடகர் குழாமுக்கு அவன்தான் தாளம். கையகலத் தட்டுகள் பொருத்திய மின்பலகையைக் குச்சியால் தட்டி ட்ரம்ஸ், தபேலா என்று எல்லாவற்றையும் அதிலிருந்தே வரவழைப்பான். பகலில் குருநகர்க் கரையில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற வேலை. என்னைவிடப் பத்து வயது இளையவன், யாரையும் புண்படுத்தத் தெரியாதவன். அப்படிப்பட்டவன் வாய் திறந்து சொல்கிறான் என்றால், பல நாளாக மனத்துக்குள் வைத்துப் புழுங்கிவிட்டுத்தான் சொல்லியிருப்பான்.

“பிந்துறனோ? எந்தப் பாட்டிலை?”

“எல்லாத்திலையும்தான் அண்ணை. மெல்லப் போற பாட்டெண்டால் தெரியாது. வேகமாப் போகேக்கைதான் விளங்குது. உந்தப் புதுப் பெட்டியாலையோ தெரியேல்லை.”

பெட்டி என்றதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெட்டிதான், வேறென்ன? பெட்டி வந்து இரண்டு மாதம் இருக்கும். அதற்கு முன்னர் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. “ஓம் தம்பி, உதுக்குள்ளை ஒரு செற்றிங் இருக்கு. நான் பாக்கிறன்” என்று பெரிய வல்லுநர் போலத் தலையாட்டிவிட்டு மோட்டார்சைக்கிளில் ஏறினேன். வீட்டு ஒழுங்கைக்குள் திரும்புவதற்குள் வந்த உயிர் மறுபடியும் போய்விட்டது.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலால் மிதிக்கிற பெடல் அது. சவர்க்காரப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பாரிசிலிருந்து ஒரு கலியாணத்துக்கு வந்த மச்சான் கொண்டுவந்து தந்தான். உள்ளே இருப்பது ஒரு குட்டிக் கணினி. ஸ்டூடியோக்காரர் பெரிய கணினிகளில் ஓட்டும், சத்தத்தை மாற்றுகிற எஃபெக்ட் மென்பொருள்களை இதற்குள் ஏற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். மடிக்கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்தால் எதிரொலி, ஒரு சத்தத்தைப் பலவாக்கும் கோரஸ், ஆம்ப் எல்லாம் படம் படமாக வரும். ஒன்றிலிருந்து மற்றதற்கு வயர் இழுப்பதுபோலக் கோடு இழுத்துச் சேமித்துவிட்டால், கணினியைக் கழற்றிவிடலாம். மீதியைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். வந்த புதிதில் சின்னப் பிள்ளை போல அதோடேயே கிடந்தேன். எங்கள் பழைய ஓட்டுக் கோயிலுக்குள் பேராலயத்தின் முழக்கம் கேட்கவைத்தேன். குழாமை நடத்தும் சிஸ்டர், “இதென்ன, வத்திக்கானிலையிருந்து வாற மாதிரி இருக்கு” என்று சிரித்தார்.

ஆனால், மென்பொருள் என்றால் கொஞ்சம் சுணங்கத்தான் செய்யும். கம்பியைத் தட்டியவுடன் சத்தம் நேராகப் போய்விடாது. பெட்டி சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மாற்றி, பிறகுதான் வெளியே விடும். மீனைக் கூடை நிரம்பும்வரை சேர்த்துவைத்துத் தூக்குவதுபோல. கூடை பெரிதென்றால் வேலை சுகம், ஆனால் கரைக்கு வரச் சுணங்கும். கூடையைச் சிறிதாக்கினால் கெதியாக வரும், ஆனால் பெட்டி ஓடியோடிக் களைத்து, சத்தம் கரகரக்கும். அந்தக் கூடையின் அளவை நாமே கூட்டிக் குறைக்கலாம். நான் தம்பிக்குச் சொன்ன செற்றிங் அதுதான். பொய் சொல்லவில்லை.

பிறகு ஏன் உயிர் போனது? வீட்டில் அப்பா இருந்தார்.

அப்பா கடற்றொழில் செய்தவர். அவருக்கு வந்தது பார்க்கின்சன். அந்த வருத்தம் என்றால் கை நடுங்கும் என்றுதான் ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். அப்பாவுக்குக் கை நடுங்கவில்லை, பிந்தியது. சேட்டுத் தெறியை ஓட்டைக்குள் போட்டுப் பூட்ட நேரம் எடுத்தது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க நினைத்தபின் கை புறப்படக் கொஞ்சம் நேரம் எடுத்தது. கிழவன் சோம்பேறியாகிவிட்டார் என்று நாங்கள் பகிடி பண்ணினோம். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் டொக்டர் வருத்தத்தின் பெயரைச் சொன்ன பிறகுதான் பகிடியை நிறுத்தினோம். “சில குடும்பங்களிலை பிள்ளையளுக்கும் வாறதுண்டு. எல்லாருக்கும் இல்லை. நீங்கள் பயப்பட வேண்டாம்” என்றும் அவர் சொன்னார். பயப்பட வேண்டாம் என்றவுடன் பயப்படாமல் நிற்க நான் என்ன, சுவிச்சை நிறுத்தியதும் நிற்கிற மின்விசிறியா?

ஆக, கேள்வி ஒன்றுதான். பிந்துவது பெட்டியா, என் வலது கையா?

இதைக் கண்டுபிடிப்பது ஒரு நிமிட வேலை. பெட்டியை இடையிலிருந்து எடுத்துவிட்டு, கிற்றார் வயரை நேராக மிக்சரில் செருகி ஒரு வேகப்பாட்டு வாசித்தால் போதும். தாளத்தோடு சேர்ந்து நின்றால் பெட்டி குற்றவாளி. அப்போதும் பிந்தினால் நான். கிற்றார் பழகத் தொடங்கிய பிள்ளைக்கும் தோன்றுகிற சோதனை இது. எனக்கும் முதல் நாளே தோன்றியது. நான் செய்யவில்லை. அதைத் தவிர மற்றெல்லாவற்றையும் செய்தேன்.

முதலில் கூடையைச் சிறிதாக்கினேன். அடுத்த பயிற்சியில் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். அவன் புருவம் நெரிந்தது. இன்னும் பிந்துகிறேன் என்று அதிலேயே தெரிந்தது. வீட்டுக்கு வந்து இன்னும் சிறிதாக்கினேன். பிறகு எஃபெக்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கோரஸ் போனது. இரட்டை எதிரொலியில் ஒன்று போனது. வத்திக்கான் மெல்ல மெல்லச் சிறுத்து எங்கள் கோயிலாகவே ஆகிவிட்டது. அடுத்த பயிற்சியிலும் அதே புருவம்.

இணையத்தில் இந்தப் பெட்டி வைத்திருப்பவர்கள் கூடிக் கதைக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே போய் வாசித்தேன். என்னைப்போல ஒருவன் எங்கிருந்தோ கேட்டிருந்தான். ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார்: இந்த அளவுத் தாமதத்தை மனிதக் காது உணராது, ஸ்பீக்கரிலிருந்து நாலடி தள்ளி நின்றாலே இவ்வளவு சுணங்கும், ஆகவே கவலைப்படாமல் வாசியுங்கள். கேள்வி கேட்டவன் நன்றி சொல்லி ஒரு சிரித்த முகம் போட்டிருந்தான். அவனுக்கு ஆறுதல் தந்த அதே வரி எனக்கு இடியாக இறங்கியது. யாராலும் உணர முடியாத தாமதம் என்றால் தம்பி உணர்ந்தது எதை?

அந்தப் பக்கத்தை மூடினேன். மறுபடி திறக்கவில்லை. அதற்குப் பிறகு நான் செய்த வேலையைத்தான் நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. கழற்றிய எஃபெக்டுகளையெல்லாம் திரும்ப ஏற்றினேன். அவை போதாதென்று இன்னும் புதிதாகவும் ஏற்றினேன். திரையின் மூலையில் பெட்டி எவ்வளவு சுமை தூக்குகிறது என்று ஒரு கோடு காட்டும். அந்தக் கோடு சிவப்பாகும்வரை ஏற்றினேன். கிற்றார் கரகரத்தது. அப்பாடா என்றிருந்தது. பாவம் பெட்டி, இவ்வளவையும் சுமந்தால் பிந்தாமல் என்ன செய்யும்? குற்றவாளியைத் தேடிக் களைத்த பொலிஸ்காரன் அகப்பட்டவனின் சட்டைப்பைக்குள் தானே கஞ்சாவை வைப்பதுபோல, நான் பெட்டிக்குள் பிழையைக் கொண்டுபோய் வைத்தேன்.

அடுத்த பயிற்சியில், “கேட்டியளோ, கரகரக்குது. பெட்டியிலைதான் ஏதோ பிழை” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். சிஸ்டர், “அப்ப கோயில் பெருநாளுக்கு முதல் திருத்திப்போடுங்கோ” என்றார். தம்பி குச்சியைத் துடைத்துக்கொண்டு, “ஒருக்கால் பெட்டியைக் கழட்டிப்போட்டு வாசிச்சுப் பாப்பமோ அண்ணை?” என்று மெல்லக் கேட்டான்.

“உதில்லாமல் சத்தம் வெறுமையா இருக்கும்” என்றேன். சொன்ன தொனி எனக்கே பிடிக்கவில்லை. அவன் சரியென்று விட்டுவிட்டான்.

பகலிலும் நிம்மதி இல்லை. நான் வேலை செய்வது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். எறும்புத்தலை அளவு திருகாணிகளைப் பூட்டுவதுதான் பிழைப்பு. திருகாணி கைதவறி விழுவது அந்த வேலையில் தினமும் நடக்கிறதுதான். ஆனால், அந்த நாள்களில் ஒவ்வொன்று விழும்போதும் எந்தக் கையிலிருந்து விழுந்தது என்று பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று சேட்டுத் தெறி பூட்டும்போது இரண்டு கையையும் போட்டியில் விட்டவன் போலப் பார்த்தேன். பூசையில் சிலுவை அடையாளம் போடும்போது, முன்வரிசைக்காரருடைய கைக்கு என் கை பிந்துகிறதா என்று பார்த்தேன். சுவாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். மனைவி மட்டும் ஒருநாள், “என்னப்பா, உங்கடை பெட்டிக்கு இன்னும் சுகமில்லையோ?” என்று கேட்டாள். “பாக்கிறன், பாக்கிறன்” என்றேன். அப்பாவுக்கு அவள்தான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னொரு கவலையையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியே பெருநாளும் வந்தது. எங்கள் கோயிற் பங்கில் பெருநாளன்று மாலை திருச்சொரூபத்தை அலங்கரித்த வண்டியில் வைத்து ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டுபோவோம். பின்னால் சனம் மெழுகுதிரியோடு வரும். சொரூபத்துக்கு அடுத்தாற்போல ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், அது இழுக்கிற ட்ரெயிலரில் பாடகர் குழாம், மிக்சர், ஸ்பீக்கர், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தர மூலையில் ஒரு ஜெனரேட்டர். லான்ட்மாஸ்டரும் ஜெனரேட்டரும் போடுகிற சத்தத்துக்கும் ஒழுங்கைக் குலுக்கலுக்கும் நடுவில் வாசித்தால், யார் பிந்துகிறார் யார் முந்துகிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த நம்பிக்கையில்தான் நான் ஏறினேன். தம்பிக்குப் பக்கத்தில், முழங்கால் முட்டுமளவுக்கு நெருக்கமாக ஒரு கதிரையில் இருந்தேன்.

முதல் இரண்டு பாட்டும் ஒருமாதிரிப் போய்விட்டன. மூன்றாவது வேகமான பாட்டு, சனம் கைதட்டிப் பாடுகிறது. நடுவில் ஜெனரேட்டர் ஒருமுறை திக்குமுக்காடியது. மாலையாகத் தொங்கிய பல்புகள் மங்கி, உடனேயே பழையபடி எரிந்தன. தம்பியின் மின்பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. மைக்குகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் பெட்டி மட்டும் செத்துவிட்டது. கணினி அல்லவா, மின்சாரம் ஒரு கணம் விட்டாலும் முதலிலிருந்து எழும்பவேண்டும். சின்ன விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. நான் ஊமைக் கம்பிகளைத் தட்டிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

தம்பி யோசிக்கவில்லை. ஒரு கையால் தாளத்தை விடாமல் அடித்துக்கொண்டே, மற்றக் கையால் குனிந்து என் கிற்றார் வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கி, நேராக மிக்சரில் குத்தினான். ஸ்பீக்கரில் ‘டொக்’ என்றது. பிறகு என் கிற்றார், உப்பில்லாத கஞ்சி மாதிரி, ஒரு எதிரொலியும் இல்லாமல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

நான் இத்தனை நாளும் ஓடி ஒளித்த சோதனை அதுதான். என்னைக் கேட்காமலே தொடங்கிவிட்டது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க நிறுத்தவும் முடியாது. மாதாவே, பெட்டியாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். ஸ்பீக்கர் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

முதல் அடியில் தம்பியின் புருவம் நெரிந்தது. அடுத்த அடியிலும் நெரிந்தது. எனக்கும் இப்போது தெளிவாகக் கேட்டது. இடையில் எதிரொலியும் இல்லை, மென்பொருளும் இல்லை, சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை. அவன் குச்சி விழுந்தது. பிறகு என் கை விழுந்தது. அவசரப்படுத்திப் பார்த்தேன். இறங்கு என்று மனம் சொன்னது, கை கொஞ்சம் பொறுத்துத்தான் இறங்கியது. இவ்வளவு பயந்து பயந்து காத்திருந்ததற்கு, உண்மை வந்தபோது ஒரு சத்தமும் இல்லாமல் வந்து பக்கத்தில் இருந்துவிட்டது.

அதற்குப் பிறகு தம்பியின் புருவம் நேராயிற்று. அவன் சிஸ்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டான். குனிந்து என் வலது கையைப் பார்த்தான். என் கை இறங்கும்வரை குச்சியை மேலேயே வைத்திருந்து, இறங்கியதும் அடித்தான். அடுத்த அடிக்கும் பார்த்தான், அதற்கடுத்ததற்கும் பார்த்தான். பாட்டு மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. குழாம் அவனோடு போயிற்று, சனத்தின் கைதட்டலும் அவனோடு போயிற்று. ஒருவரும் ஒன்றையும் கவனிக்கவில்லை. பெட்டியின் விளக்கு பச்சையாகி அது தயாராகிவிட்டதென்று காட்டியபோதும் அவன் வயரை மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை.

அந்த வேகத்திலேயே எங்கள் ஒழுங்கைக்குள் வந்தோம். வீட்டு வாசல் படலையடியில் அப்பாவைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் மனைவி மெழுகுதிரியோடு நின்றாள். சொரூபம் தாண்டியதும் சிலுவை போட்டுக் கும்பிட்டுவிட்டு ட்ரெயிலரை நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் எனக்குக் கையசைப்பாள். அன்று அசைக்கவில்லை. நாங்கள் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். மெழுகு கையில் வழிந்ததையும் அவள் கவனிக்கவில்லை.

சுற்றி முடிந்து கோயில் முற்றத்தில் சாமான்களை இறக்கினோம். தம்பி வயர்களைச் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் சொன்னான்:

“நான் சொன்னனான் எல்லே அண்ணை? பெட்டிதான் பிழை. கழட்டினாப்பிறகு தாளத்திலை மணி மாதிரி நிண்டது. நீங்கள் பிந்தவே இல்லை.”

முதல் நாள் அவன் பிந்துறியள் என்றபோது எனக்குள் பயம் வந்தது. இன்றைக்கு அவன் பிந்தவில்லை என்றபோது அழுகை வந்தது. எனக்காக அவ்வளவு பேரையும் இழுத்துப் பிடித்துக் காத்திருந்தவன், நான் வருந்தக் கூடாதென்று ஒரு பொய்யும் சொல்கிறான். அதை அவனுக்குச் சரியாகச் சொல்லக்கூடத் தெரியவில்லை.

“ஓம் தம்பி” என்றேன். “நல்ல வேளை கழட்டினனீர்.”

வீட்டுக்கு வந்தபோது அப்பா படுத்துவிட்டார். மனைவி அடுப்பில் கறியைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். கிற்றாரைச் சுவரோடு சாத்திவிட்டு மேசையடியில் இருந்தேன். சொல்லாமல் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரு செற்றிங், ஒரு புது மென்பொருள், ஒரு நல்ல அடப்டர் என்று சொல்ல எனக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது.

“இஞ்சேரும்” என்றேன். “பெட்டியிலை ஒரு பிழையும் இல்லை.”

அவள் அடுப்பை நிறுத்தினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். என்ன பிழை, ஏது பிழை என்று ஒன்றும் கேட்கவில்லை.

“வலது கை மட்டும்தானோ,” என்றாள், “இடதும்தானோ?”